பழுதிலிருந்து பிறந்த ஓசைகள்

பாதணிப் பெட்டியொன்றுக்குள் அடங்கிவிடக்கூடிய சிறு கருவியினுள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கிற்றார் ஓசைகள் குடியிருக்கின்றன. 'மல்டி எஃபெக்ட்ஸ்' என்று கடைக்காரர்களும் இளைஞர்களும் அழைக்கும் அக்கருவிகளுள் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்போர் உண்டு. நான் இசைக்கலைஞன் அல்லன்; பத்திரிகைக்காரன். ஆயினும் ஞாயிறு பதிப்புகளுக்கு இசை பற்றி எழுத நேர்ந்த காலத்திலிருந்து இவ்விடயத்தைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னர் அக்கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்பது எனது அபிப்பிராயம்.

மின்கிற்றாரின் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின் சமிக்ஞை பிறக்கிறது. அது அம்பிளிஃபயரைச் சென்றடைவதற்கு முன்னர் வழியிலே மறித்து, முறுக்கி, தாமதப்படுத்தி, இரட்டிப்பாக்கி அனுப்புவதே ஒலி விளைவுக் கருவியின் வேலை. இவ்வேலையைச் செய்த முன்னோடிக் கருவிகளுள் ஒன்று 1940-களில் அமெரிக்காவில் டிஆர்மண்ட் என்ற பெயரில் விற்கப்பட்ட ட்ரெமொலோ பெட்டியாகும். மின்சாரத்தைக் கடத்தும் திரவம் கொண்ட சிறு குப்பியொன்றை அதனுள்ளே ஒரு மோட்டார் ஓயாது குலுக்கிக்கொண்டிருக்கும். திரவம் தளும்பத் தளும்ப ஓசை ஏறி இறங்கும். மின்னணுவியலைவிட மருந்துக் கலவையாளரின் கைவேலைக்கு நெருங்கிய ஏற்பாடு என்றே அதனைச் சொல்லவேண்டும். போ டிட்லி போன்ற கலைஞர்கள் அதைத் தமது அடையாள ஓசையாகவே ஆக்கிக்கொண்டனர்.

எதிரொலியின் கதையும் இத்தகையதே. ஒலிநாடாவில் பதிவாகும் ஓசையை, சற்றுத் தள்ளி வைக்கப்பட்ட இன்னொரு வாசிப்புத் தலையினால் மீளக் கேட்கச் செய்தால் எதிரொலி கிடைக்கும். இவ்வித்தையை லெஸ் போல் தனது ஒலிப்பதிவுகளிலே செய்துகாட்டினார். இலினோய் மாநிலத்தின் கைரோ என்ற சிறு நகரத்தில் இருந்த ரே பட்ஸ் என்பவர், 1950-களின் முற்பகுதியில் ஒலிநாடா இயந்திரத்தை அம்பிளிஃபயருக்குள்ளேயே பொருத்தி 'எக்கோசொனிக்' என்று பெயரிட்டார். எல்விஸ் பிறெஸ்லியின் கிற்றார்க் கலைஞரான ஸ்கொட்டி மூர் 1955 இல் அதிலொன்றை வாங்கினார். ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வெளியேறி எதிரொலி மேடைக்கு வந்தது அவ்வாறுதான்.

இவையெல்லாம் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஆனால், இன்று எந்தவொரு மல்டி எஃபெக்ட்ஸ் கருவியிலும் பெரும் பங்கைப் பிடித்திருக்கும் கரகரப்பு ஓசைகளை எவரும் திட்டமிடவில்லை. அவை பழுதுகள்.

1951 இல் மெம்பிஸ் நகரில் 'ரொக்கெட் 88' பாடல் பதிவாகியபோது ஐக் ரேணரின் குழுவினர் கொண்டுவந்த அம்பிளிஃபயர் வரும் வழியில் சேதமடைந்திருந்தது. பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் கடதாசியைத் திணித்துச் சமாளித்தார். அந்த இரைச்சல் பாடலோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. 1958 இல் லிங்க் றே, 'றம்பிள்' என்ற தனது வாத்தியப் பாடலுக்காக ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பில் தாமாகவே துளைகள் இட்டார். ஏழு ஆண்டுகளுக்குள் விபத்து விருப்பமாகிவிட்டது.

எனினும் முக்கியமான சம்பவம் நாஷ்வில் நகரில் நடந்தது. 1961 இன் தொடக்கத்தில் வெளியான மார்ட்டி ரொபின்ஸின் 'டோண்ட் வொறி' பாடலின் ஒலிப்பதிவின்போது, கிறேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிற்றாரின் ஓசை திடீரென ஆயிரம் வண்டுகள் ஒன்றாகப் பறந்தாற்போலக் கரகரத்தது. கலவை மேசையில் ஒரு ட்ரான்ஸ்போமர் பழுதடைந்திருந்தது. பதிவை அழித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தும், அழிக்கவில்லை. கிராமிய இசைத் தரவரிசையில் பாடல் முதலிடத்தைப் பிடித்தது. அதே ஓசை தமக்கும் வேண்டுமெனப் பலர் தேடி வரத் தொடங்கினர். பழுதான பாகமோ காலப்போக்கில் முற்றாகவே செயலிழந்துவிட்டது.

ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி என்ன செய்தாரென்றால், தன் நண்பரான பொறியியலாளர் ரெவிஸ் ஹொப்ஸுடன் அமர்ந்து அந்தப் பழுதை ட்ரான்சிஸ்டர்களைக் கொண்டு மீண்டும் கட்டியெழுப்பினார். மனித வரலாற்றில் பழுதுகளைத் திருத்தியவர்கள் கோடிக்கணக்கானோர். இறந்துபோன பழுதொன்றை உயிர்ப்பிக்கப் பாடுபட்டவர்கள் வெகு சிலரே. கிப்சன் நிறுவனம் அந்தச் சுற்றை வாங்கி 1962 இல் 'மாயெஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் காலால் அழுத்தி இயக்கும் பெட்டியாக விற்பனைக்கு விட்டது. கிற்றாரிலிருந்து ட்ரம்பெட், டியூபா முதலிய ஊது வாத்தியங்களின் ஓசையைப் பெறலாம் என்று விளம்பரம் செய்தார்கள். எவரும் நம்பவில்லை. பெட்டிகள் கடைகளிலேயே தூசி படிந்து கிடந்தன.

1965 இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாற்றிஸ்ஃபக்ஷன்' பாடலின் பல்லவி இசையை இப்பெட்டியைக் கொண்டு வாசித்தார். பின்னர் ஊது வாத்தியக்காரர்களைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டிய பகுதிக்கான வெறும் குறிப்பாகவே அதனை அவர் கருதியிருந்தார். விளம்பரம் சொன்னபடியே ஊது வாத்தியத்துக்குப் பதிலாகத்தான் அவர் அதனைப் பயன்படுத்தினார் என்பது இதிலுள்ள வேடிக்கை. அந்தக் குறிப்பே பாடலாக வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கடைகளில் கிடந்த பெட்டிகள் தீர்ந்துபோயின. ஸ்னொடி, ஹொப்ஸ் இருவரின் பெயரிலான காப்புரிமையும் அதே 1965 இன் ஒக்டோபரில்தான் வழங்கப்பட்டது.

அதன் பின்னர் பெட்டிகள் ஈசல்போலப் புறப்பட்டன. வா-வா பெடல் 1966-67 இல் வந்தது. எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் நிறுவனத்தின் 'பிக் மஃப்' தசாப்தத்தின் முடிவில் வந்தது. இவற்றையெல்லாம் விரிக்கப் புகுந்தால் கட்டுரை நீளும்.

ஜப்பானுக்கு இந்த வரலாற்றில் உள்ள இடத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஒசாக்காவில் பிறந்து, இளவயதிலேயே கடிகாரம் திருத்தும் தொழில் செய்து, காசநோயினால் ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்து, அக்காலத்தில் புதிதாக வந்திருந்த ஸ்ரெப்டோமைசின் மருந்தினால் உயிர்தப்பியவர் இக்குதாரோ காக்கெஹாஷி. 1972 இல் அவர் தொடங்கிய றோலண்ட் நிறுவனத்தின் கிளைதான் பொஸ். கையடக்கமான, உறுதியான உலோகப் பெட்டிகளில், ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு நிறமாக, பொஸ் பெடல்கள் 1977 முதல் வெளிவந்தன. இதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று, 1969 இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்டர், தீர் என்ற இருவர் கண்டுபிடித்த மின்சுற்று. தீயணைக்க வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றுவதுபோல, மின்னேற்றத்தைக் கலத்துக்குக் கலம் கடத்தி ஓசையைத் தாமதப்படுத்தும் அச்சுற்றுக்கு 'வாளி வரிசை' என்ற பெயரே நிலைத்தது. ஒலிநாடாவும் மோட்டாரும் இன்றி எதிரொலி உள்ளங்கைக்குள் வந்தது.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்கள் விடிய விடிய வாசித்த காலம் என் தலைமுறையினருக்கு நினைவிருக்கும். அறிவிப்பாளர் 'வணக்கம்' என்றால் அது நான்கு தரம் வீதி தாண்டிக் கேட்கும். அந்த 'எக்கோ' இருந்தால்தான் அது பெரிய குழு என்று சிறுவர்களாகிய நாம் தீர்மானித்துவிடுவோம். பாட்டு எப்படியிருந்தது என்பது அடுத்த கேள்வி. கருவியின் வலிமையையும் அதன் ஆபத்தையும் அன்றே கண்டிருக்கிறோம்.

ஓசைக்கு ஒரு பெட்டி என்றாகியபின் பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. பத்துப் பெட்டிகள், அவற்றிடையே பத்து வயர்கள், பத்துப் பற்றரிகள். ஏதோவொன்று எப்போதும் இரையும். 1980-களில் வசதி படைத்தவர்கள் குளிர்சாதனப் பெட்டியளவு அலுமாரிகளில் கருவிகளை அடுக்கிக்கொண்டு பயணம் செய்தனர். வசதியற்றவனுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ரொம் ஷோல்ஸ். பொஸ்டன் என்ற இசைக்குழுவின் நிறுவுநரும் எம்.ஐ.ரி. பட்டதாரியுமான அவர், 1979 இல் வெளிவந்த சோனி வோக்மனின் அளவையொத்த 'றொக்மன்' கருவியை 1982 இல் வெளியிட்டார். பற்றரியில் இயங்கும், தலையணி கேட்பொறியில் கேட்கலாம். அரங்கு நிறைந்த ஓசை, பக்கத்து அறையில் உறங்குபவரை எழுப்பாமல் கிடைத்தது. இலத்திரனியல் நினைவகமும் கணிப்புச் சில்லுகளும் மலிவடைய, 1988 இல் பொஸ் நிறுவனத்தின் எம்.ஈ.-5 வந்தது. பல ஓசைகளை ஒரே தளத்தில் அடக்கி, பாடலுக்கேற்ற சேர்க்கைகளைச் சேமித்துவைத்து, ஒரு மிதியில் மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து ஸூம் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம், கிற்றார்த் தோள்வாரிலேயே மாட்டக்கூடிய கருவியையும், 1990-களின் நடுப்பகுதியில் '505' என்ற மலிவான பிளாஸ்ரிக் பெட்டியையும் தந்தது. அதன் கரகரப்பைக் கேட்ட விற்பன்னர்கள் முகம் சுளித்தனர். உண்மையில் அது தகரத்தைச் சுரண்டுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் உலகின் பல மூலைகளில் ஒரு தலைமுறை, எதிரொலி எது, கோரஸ் எது என்று அறிந்துகொண்டது இத்தகைய பெட்டிகளில்தான்.

1998 இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற 'பொட்' வந்தபோது கேள்வியே மாறிவிட்டது. அதுவரை கருவிகள் ஓசையை மாற்றின. இது, பெயர்பெற்ற பழைய அம்பிளிஃபயர்களின் நடத்தையைக் கணித ரீதியாகப் பின்பற்றியது. வால்வு எப்போது திணறும், ஸ்பீக்கர் எவ்வளவு முனகும் என்பதெல்லாம் எண்களாயின. வர்த்தகக் குறிச் சட்டத்துக்கு அஞ்சி உண்மைப் பெயர்களை மறைத்து, ஊகிக்கத்தக்க புனைபெயர்களைச் சூட்டும் வழக்கமும் வேரூன்றியது. மெனுவில் 'பிரிட்டிஷ்' என்றிருந்தால் லண்டனில் மேளக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் அம்பிளிஃபயர் என்று பொருள் கொள்க. அந்த மார்ஷலின் முதல் அம்பிளிஃபயரே அமெரிக்கப் ஃபெண்டர் ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் முதியவர்கள் இன்னும் இருந்தார்கள். பின்னர் கணினி எழுத்துருக்கள் வந்தன. ஈய அச்சின் மை கசிவினால் தடித்துப்போன கோடுகளைக்கூட அழகென்று எண்ணி வடிவமைப்பாளர்கள் கணினியில் வரைந்தார்கள். ஆகவே, ஸ்னொடியின் பழுது ஒரு மெனுவின் முப்பத்தேழாவது வரியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு ஏற்படுவதில்லை. அந்த வரியைத் தெரிவுசெய்யும் இளைஞனுக்கு அதன் பின்னாலுள்ள மனிதர்களைத் தெரிவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஸ்னொடி 2018 இல் காலமானார்.

இனி, வாங்குவது பற்றி. பெட்டியில் எத்தனை ஓசைகள் உண்டென்ற எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் உண்மையில் பயன்படுத்துவது ஐந்தாறுதான். மாறாக, மிதிகள் எத்தனை, இருட்டு மேடையில் குனிந்து பார்க்காமல் மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரு சேர்க்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஓசை ஒரு கணம் அறுந்துபோகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். பழைய கருவிகளின் பெருங்குறை அது. தாமதம் பற்றி விற்பனையாளர்கள் அளவுக்கு மிஞ்சிப் பயமுறுத்துவார்கள். ஒலி காற்றில் ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்கிறது. 3 மீற்றர் தள்ளி நிற்கும் அம்பிளிஃபயரின் ஓசையே காதை அடைய 9 மில்லிசெக்கன் எடுக்கும். நல்ல கருவியின் தாமதம் அதனிலும் குறைவு.

பலரை ஏமாற்றுவது வேறொன்று. அம்பிளிஃபயரையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் பாவனை செய்யும் பகுதி, தலையணி கேட்பொறிக்கும் மண்டப ஒலியமைப்புக்கும் அவசியம். அதே பாவனையை நிறுத்தாமல் உண்மையான கிற்றார் அம்பிளிஃபயரின் முன்வாசலில் செருகினால், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஓசை மங்கிப்போகும். 'கருவி கூடாது' என்று திருப்பிக் கொடுக்கப்படுபவை பலவற்றின் நோய் இதுதான்.

ஓசைகளை அடுக்கும் ஒழுங்கிலும் வரலாறு துணை நிற்கும். முதலில் வா-வா, பின்னர் கரகரப்பு, அதன்பின் அம்பிளிஃபயர்ப் பாவனை, கோரஸ், எதிரொலி, இறுதியில் மண்டப முழக்கம். அறை எப்போதும் கடைசியில்தானே வரும். எதிரொலியைக் கரகரப்புக்கு முன்னால் வைத்தால் ஒவ்வொரு மறுமொழியும் சேர்ந்து நொருங்கிக் கூழாகிவிடும். சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்து அழகு கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தொழிற்சாலையில் சேமிக்கப்பட்டு வரும் சேர்க்கைகள் கடையில் மயக்குவதற்கானவை. எல்லாவற்றிலும் எதிரொலி மிகை. மூன்று சேர்க்கைகளை மாத்திரம் நீங்களே கட்டி, வீட்டிலல்லாமல் வாசிக்கப்போகும் இடத்தின் சத்தத்திலேயே அவற்றைச் சரிசெய்யுங்கள்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவை 9 வோல்ட்டில் இயங்குபவை. ஆனால் இலக்கமுறைக் கருவிகள் பழைய பெடல்களைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். அடப்டரில் மில்லி அம்பியர் அளவையும், மையமுனை எதிர்மறையா என்பதையும் பார்க்காமல் செருகவேண்டாம். பற்றரியிலும் இயங்குமாயின், எங்கள் நாட்டவர்கள் அதற்குக் கூடுதல் புள்ளி கொடுக்கலாம். 2016 இல் வந்த பொஸ் ஜி.ரி.-1, நான்கு சாதாரண ஏ.ஏ. பற்றரிகளில் இயங்குவது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் அத்தகைய பெட்டியொன்றுடன் முற்றத்தில் அமர்ந்து இரவிரவாகப் பயிற்சி செய்தான். தலையணி மாட்டியிருந்ததால் எங்களுக்குக் கேட்டதெல்லாம் இரும்புத் தந்தியில் நகம் படும் சிறு சத்தம் மாத்திரமே. என்ன ஓசையை மிதித்திருந்தான் என்று கேட்க எண்ணியிருந்தேன். அதற்குள் அவன் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான்.