வாத்தியார் பென்ஷன்: ஒரு புதுச்சேரிக் கதை

சரித்திரம் என்றால் ராஜா, கோட்டை, யுத்தம் என்று நினைத்துக் கொண்டிருந்தவன் நான். பி.காம். படிக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள்! மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அம்மா புதுச்சேரி அரசுப் பள்ளி ஆசிரியை. அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். பீரோவுக்குள் இருந்த காகிதமெல்லாம் இப்போது சாப்பாட்டு மேசையில். அதைப் புரட்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர் வாத்தியார் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில், பிரெஞ்சு அரசுப் பள்ளியில், பதினெட்டு வயதுப் பையன் ஒருவர் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பெயர் கனகசுப்புரத்தினம். ஆமாம், பாரதிதாசன்தான். புரட்சிக் கவிஞர் என்று படித்திருக்கிறோம், ஆனால் அவர் 37 வருடம் சர்க்கார் வாத்தியாராக இருந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? 1946-ல் ஓய்வு பெற்றார். அதே வருடம் ஜூலையில் சென்னையில் விழா எடுத்து 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார்கள். அந்தக் காலத்து இருபத்தைந்தாயிரம்!

ஓய்வு என்று அவர் சும்மா உட்காரவில்லை. 'குயில்' நடத்தினார், 1955 தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார், 'பாண்டியன் பரிசு'வைப் படமாக்கச் சென்னைக்குப் போனார் (படம் வரவே இல்லை). 1964-ல் மறைந்தார். பெருமாள் கோயில் தெரு வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது; பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. அவர் வேலை பார்த்தது பிரெஞ்சு சர்க்காரில். கண்ணை மூடியபோது ஊர் இந்தியாவில். இடையில் சர்க்காரே மாறிப் போனால், முப்பது வருடம் உழைத்த வாத்தியாரின் பென்ஷனை யார் கொடுப்பது?

கீழூர் வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18. வாக்களிக்கத் தகுதி பெற்ற 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. இதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளூர்ப் பணியில் இருந்த அரசு ஊழியர்களை இந்திய அரசு ஏற்றுக்கொள்ளும். சம்பளம், விடுப்பு, பென்ஷன் எல்லாம் 1954 நவம்பர் 1-க்கு முன்பு எப்படி இருந்ததோ அதே நிபந்தனைகளோடு தொடரும் என்று அதில் எழுதியிருக்கிறது. கொடி மாறலாம், குமாஸ்தாவின் பென்ஷன் மாறாது. அந்த ஒப்பந்தமே 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி அமலுக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து வந்த 'சொல்தா' குடும்பங்களுக்கு இன்றும் பிரான்சிலிருந்தே பென்ஷன் வருகிறது. அதனால் நம்ம ஊரில் பென்ஷன் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குச் சொல்தாதான் ஞாபகம் வரும். உள்ளூர் வாத்தியார் கதை யார் கண்ணிலும் படுவதில்லை.

கொஞ்சம் உலகச் சங்கதி. பிரான்சில் 1853 ஜூன் 9-ல் அரசு ஊழியர் பென்ஷனுக்கு ஒரே சட்டம் கொண்டு வந்தார்கள். பொதுவாக 60 வயது, 30 வருட வேலை. சம்பளத்தில் 5 சதவீதம் பிடித்தம். பிரிட்டிஷ் இந்தியாவில் சிவில் ஊழியருக்குப் பென்ஷனுக்காகப் பிடித்தம் கிடையாது, ஆனால் அது சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது என்கிற தோரணை. 1871 பென்ஷன் சட்டம் ஒரு படி மேலே போய், பென்ஷன் விவகாரத்தை சிவில் கோர்ட்டுக்கு நேராகக் கொண்டு போகவே முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. அதாவது கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் வாயை மூடு!

இந்தத் தோரணையை உடைத்தவரும் கல்வித்துறைக்காரர்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே குஷி. பீகார் கல்வித்துறையில் இருந்த தேவகிநந்தன் பிரசாத். நீண்ட நாள் பணிக்கு வரவில்லை, ஆகவே வேலையே போய்விட்டது, பென்ஷன் இல்லை என்றது மாநில அரசு. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1971-ல் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு: பென்ஷன் என்பது அரசின் தயவு இல்லை, ஊழியரின் சொத்துரிமை. அடுத்தது நகாரா வழக்கு. 1979 மார்ச் 31 என்று ஒரு தேதி வைத்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தாராளமான கணக்கு என்றது மத்திய அரசு. 1972-லேயே ஓய்வு பெற்றிருந்த நகாரா கேட்டார்: ஒரு தேதிக்கு முன்னால் ஓய்வு பெற்றவன் மனுஷன் இல்லையா? 1982 டிசம்பர் 17-ல் அந்தத் தேதிப் பாகுபாட்டை நீதிமன்றம் அடித்துப் போட்டது. அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் சென்னை மாகாணத்தில், காமராஜர் ஆட்சியில், உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, இன்ஷூரன்ஸ், பென்ஷன் மூன்றையும் சேர்த்துத் திட்டம் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு அந்த வாத்தியார்களின் முதுமைக்கு மகன்தான் பென்ஷன்.

தேதி என்றேன் அல்லவா. நகாராவோடு அது முடியவில்லை. 2003 டிசம்பர் 22-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, புதிய திட்டம்தான். நடுவில் பத்தே நாள். மத்திய அரசு விதிகளைப் பின்பற்றும் புதுச்சேரிக்கும் அதே தேதிதான். தமிழ்நாட்டில் இன்னும் முன்னால், 2003 ஏப்ரல் 1. (அடியேன் பிறந்ததும் 2004. புதிய பென்ஷனும் நானும் ஒரே வயசு!)

எங்கள் வீட்டில் இந்தத் தேதி சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி விழுகிறது. அம்மா 1997-ல் சேர்ந்தார், பழைய பென்ஷன். அத்தையும் ஆசிரியைதான், 2008-ல் சேர்ந்தார். அதே பாடம், அதே மாதிரிப் பிள்ளைகள், அதே சாக்பீஸ் தூசி. அம்மாவின் கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பென்ஷன் 40,000, அதற்கு மேல் பஞ்சப்படி. அதில் 40 சதவீதம் வரை, அதாவது 16,000-ஐ, முன்கூட்டியே மொத்தமாக மாற்றி வாங்கலாம். அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு 8.194 என்கிற காரணி. கணக்குப் போட்டால் சுமார் 15.73 லட்சம் கையில் வரும். பதினைந்து வருடத்தில் விட்டுக்கொடுப்பது 28.8 லட்சம். அதன்பின் முழுப் பென்ஷன் திரும்பி வரும். வாங்கலாமா வேண்டாமா என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினம் சண்டை. வணிகவியல் மாணவன் என்று என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் வட்டி விகிதம் பேச ஆரம்பித்ததும் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

அத்தை விஷயம் வேறு. அவர் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், அரசு பங்கு முதலில் 10, மத்திய அரசு அதை 2019 ஏப்ரலிலிருந்து 14 ஆக்கியது. பணம் சந்தையில் போகிறது. ஓய்வின்போது குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆண்டுத்தொகை வாங்கியே ஆக வேண்டும். அது எவ்வளவு வரும்? அன்றைய நிலவரம்தான் சொல்லும். பஞ்சப்படி ஏற்றமும் அதில் கிடையாது. ராஜஸ்தான், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்கள் 2022-ல் பழையதற்கே திரும்பின. மத்திய அரசு 2025 ஏப்ரலிலிருந்து, 25 வருடம் வேலை பார்த்தால் பாதிச் சம்பளம் உறுதி என்று நடுவழி ஒன்று கொண்டு வந்திருக்கிறது. அரசாங்கக் கஜானா தாங்காது என்கிற வாதம் எனக்குப் புரிகிறது, பாடப்புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு ஒரு சோதனை. சர்வீஸ் புக்கில், காரைக்காலில் வேலை பார்த்த இரண்டு வருடத்துக்கு 'பணி சரிபார்க்கப்பட்டது' என்ற குறிப்பே இல்லை! நம்ம ஊர் ஆசிரியர்கள் பலருக்கும் காரைக்காலில்தான் முதல் போஸ்டிங், பாரதிதாசன் மாதிரியே. இப்போது பத்து வருடப் பணி இருந்தாலே பாதிச் சம்பளம் பென்ஷன் உண்டு. 2006-க்கு முன்பு போல 33 வருடம் தேவையில்லை. ஆகவே தொகையில் பெரிய நஷ்டம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. "ரெண்டு வருஷம் நான் பாடம் நடத்தலேன்னு எழுதி வைப்பாங்களாடா?"

போன சனிக்கிழமை இருவரும் விடியற்காலை பஸ்ஸில் காரைக்கால் போனோம். அந்தப் பள்ளியில் பழைய சம்பளப் பட்டியல் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. எழுத்தர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். 1998 மார்ச் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து, கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க என்னிடம் பத்து ரூபாய் கேட்டார்.