நடிப்பு நிழற்படமும் கூற்றுக் குறிப்பும்

நண்பர் சிலர் ஒருங்கு கூடிக் கதையொன்றை வகுத்துக்கொண்டு, வேடம் புனைந்து, நிகழ்ச்சிதோறும் நிழற்படம் எடுத்து, அவற்றை உரையுடன் கோத்து நகை விளைவிப்பது இக்கால இளைஞர் நன்கறிந்த பொழுதுபோக்காகும். இதனை வெறும் விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். ஆயின், இதன் வரலாற்றை ஆராயுங்கால், இத்தகு படத்தின் பொருள் படத்தில் மட்டும் அமையாது, உடன்வரும் உரையோடு கூடியே நிற்பதென்பது புலனாகும். அவ்வுரை அழியின் விளைவு யாதாகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நிழற்படக் கலை தோன்றிய காலத்திலேயே நடிப்புப் படமும் தோன்றிவிட்டது. பிரான்சு நாட்டு இப்பொலித் பயார் என்பார், தாளில் நேரே படம் பதிக்கும் முறையொன்றைக் கண்டறிந்து, 1839 சூன் திங்களில் பாரிசு நகரில் முப்பது படங்களைக் காட்சிக்கு வைத்தார். எனினும், அரசு தகேர் என்பாரின் முறையையே ஏற்று, அவருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கு வழங்கியது. மனம் புழுங்கிய பயார், 1840-இல் தம்மையே நீரில் மூழ்கி இறந்தவராகப் படமெடுத்தார். அரசு கைவிட்டமையால் பயார் உயிர் துறந்தார் என்றும், உடலைக் கேட்பார் எவருமிலர் என்றும், முகமும் கைகளும் அழுகத் தொடங்கியமையின் காண்போர் விலகிச் செல்லுதல் நலம் என்றும் படத்தின் பின்புறம் எழுதினார். கறுத்திருந்தது வெயில் பட்ட தோலேயாம் என்பர். ‘இறந்த’ பயார் 1887 வரை வாழ்ந்தார்.

தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலும் ஒன்று. பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என அதனை இருவகைப்படுத்துவர் பேராசிரியர். பயாரிடம் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன. ஆயினும், பின்புறத்து எழுத்தை நீக்கிவிடின் எஞ்சுவது கண்மூடிச் சாய்ந்த ஒருவரின் உருவமே.

கல்கத்தாவில் 1815-இல் பிறந்த சூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், ஆர்தர் மன்னனைப் பற்றிய டென்னிசனின் காவியத்திற்கு, அக்கவிஞர் வேண்டியவாறு 1874-இல் நடிப்புப் படங்கள் எடுத்தார். நடித்தோர் உற்றாரும் நண்பரும் ஏவலருமே. மந்திரவாதி மெர்லினாக அமைந்த கணவர் சிரிப்பை அடக்கமாட்டாது குலுங்க, அவர் இருந்த மரப்பொந்தும் உடன் அசைந்தது என்று உடன் நடித்த பெண்மணி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அச்சிட்ட தொகுதியில் கவிஞரின் அடிகள் அம்மையாரின் கையெழுத்தில் படங்களுடன் அமைந்தன. ஆகவே, எப்படம் எக்கதைக்குரியது என்பது ஐயமின்றி விளங்குகின்றது.

1875-இல் இலங்கை சென்ற அவ்வம்மையாரே 1878-இல் களுத்துறை உழவர் சிலரை நிறுத்திப் படமெடுத்தார். அப்படத்தின் தலைப்பு அவர்களை ஊராலும் தொழிலாலும் சுட்டுகின்றதேயன்றிப் பெயர் கூறவில்லை. அஃது அவர் தாமே விரும்பிய கோலமா, படமெடுத்தவர் வகுத்த கோலமா என்பதும் படத்தால் விளங்காது. மெர்லினின் சிரிப்புக்குச் சான்று கிடைத்தது. இவர்தம் உள்ளத்திற்குச் சான்றில்லை.

அகப்பாடல்களின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பு இன்றேல், கூறுவார் யார், கேட்பார் யார் எனத் துணிதல் பல இடங்களில் அரிதாகும். நடிப்புப் படத்திற்கு உரையும் அத்தகையதே. ஆதலின், துறையூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் முதலிய ஊர்களில் இல்லங்களிலுள்ள பழைய படத் தொகுப்புகளை ஆராயப் புகும் மாணவர், படத்தை மட்டும் படியெடுத்து அமைதல் போதாது. நடித்தவர் உள்ளபோதே அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இன்றேல், விளையாட்டுத் திருமணத்தை மெய்த் திருமணமாகவும், பொய்ச் சாவை மெய்ச் சாவாகவும் பிற்கால ஆய்வாளர் சான்று காட்ட நேரும்.