434க்கு 434: ஹார்ட் கிண்ணம் யாருக்கு?

பனிக்காலம் வந்துவிட்டால் நம் பிள்ளைகளின் பேச்சில் ஐஸ் ஹொக்கியே நிறைந்திருக்கும். அவ்விளையாட்டின் வரலாற்றில் பெரும் சர்ச்சைக்குள்ளான ஒரு வாக்கெடுப்பை இவ்வாரம் நோக்குவோம்.

மருத்துவர் டேவிட் ஹார்ட் அன்பளித்த ஹார்ட் கிண்ணம், 1924ஆம் ஆண்டு முதல் தேசிய ஹொக்கி லீக்கில் தன் அணிக்கு மிகவும் பெறுமதி வாய்ந்தவராகக் கருதப்படும் வீரருக்கு வழங்கப்பட்டு வருகிறது. தெரிவு செய்வோர் ஹொக்கிச் செய்தியாளர்கள். ஒவ்வொருவரும் ஐவரை வரிசைப்படுத்துவர். முறையே 10, 7, 5, 3, 1 எனப் புள்ளிகள் சேரும்.

2002இல் இருவர் முன்னணியில் நின்றனர். ஒருவர் கல்கரி அணியின் ஜெரோம் இகின்லா. நைஜீரியாவிலிருந்து குடிபெயர்ந்த தந்தைக்கு எட்மன்ரனில் பிறந்தவர். அப்பருவத்தில் 52 கோல்களும் மொத்தமாக 96 புள்ளிகளும் பெற்று, இரண்டிலும் லீக்கின் முதலிடத்தை அடைந்தார். எனினும் அவரது அணி பிளேஓஃப் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. மற்றவர் மொன்றியல் அணியின் கோல்காப்பாளர் ஜொசே தியோடோர். தலைவர் சாக்கு கொய்வு புற்றுநோயால் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடமுடியாதிருந்த அணியை அவர் பிளேஓஃப் வரை தாங்கிச் சென்றார்.

வாக்குகள் எண்ணப்பட்டபோது இருவருக்கும் 434 புள்ளிகள்! முதலிட வாக்குகள் தியோடோருக்கு 26, இகின்லாவுக்கு 23. விதிப்படி கிண்ணம் தியோடோருக்கே சென்றது.

அதன்பின் எழுந்தது சர்ச்சை. கியூபெக்கைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர் ஐவர் பட்டியலில் இகின்லாவின் பெயரையே எழுதவில்லை என்ற பேச்சுப் பரவியது. அது உண்மையாயின், அத்தாளில் ஐந்தாம் இடம் கிடைத்திருந்தால்கூட அந்த ஒரு புள்ளி முடிவை மாற்றியிருக்கும். வாக்குகள் இரகசியமாக இருந்தமையால் பொதுமக்கள் எதனையும் சரிபார்க்க இயலவில்லை.

தியோடோர் தகுதியற்றவர் என்று நாம் கூறவில்லை. 'அணிக்குப் பெறுமதி' என்ற சொல்லே இருவகைப் பொருளுக்கு இடமளிக்கிறது. வீரர்கள் தாமே வாக்களித்து வழங்கிய பியர்சன் விருதை அவ்வாண்டு இகின்லாவே பெற்றார் என்பதையும் மறத்தலாகாது.

குடிமகனின் வாக்கு இரகசியமாக இருத்தல் வேண்டும். அது வலியோரிடமிருந்து எளியோரைக் காக்கும் கவசம். ஆனால் நடுவரின் வாக்கு அத்தகையதன்று. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், தாம் இட்ட புள்ளிக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர். செய்தியாளர் சங்கமும் இதனை உணர்ந்து, 2018 முதல் தன் உறுப்பினரின் வாக்குகளைப் பெயருடன் வெளியிடலாயிற்று. பதினாறு ஆண்டுகள் பிந்தினும் அது நன்றே.