கண்டி இராச்சியமும் தவக்காலப் புலம்பல் இலக்கியமும்

கிறித்தவர்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னர் நோன்பிருந்து இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் நாற்பது நாள்களும் தவக்காலம் எனப்படும். ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் அக்காலத்தில் ஒப்பாரியையொத்த இழுவை இசையில் வாசித்துவரும் நூல் 'வியாகுலப் பிரசங்கம்'. யாழ்ப்பாணத்தோடும் மன்னாரோடும் இணைத்தே பேசப்படும் இந்நூலின் பின்னணியைத் தேடுவோர் மலைநாட்டுக் கண்டிக்கே வந்து சேர்வர். அத்தொடர்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததோடு போர்த்துக்கேயர் ஆண்ட கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் வசமாயின. சீர்திருத்தச் சபையினரான அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமாரை வெளியேற்றினர், அவர்களுக்குப் புகலிடம் அளிப்போரைக் கடுந்தண்டனைக்கு உள்ளாக்கினர். ஆலயமும் குருவும் இழந்த மக்கள் தம் நம்பிக்கையை இரவில், இல்லங்களில் மறைவாகக் காத்தனர்.

இந்நிலையில் 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்திற் பணியாற்றியபின் 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தால் அங்கே சிறைப்பட்டார். ஐயம் நீங்கி விடுதலை பெற்றவர், 1697இல் பெரியம்மை பரவியபோது நோயாளருக்குப் புரிந்த தொண்டினால் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். கிறித்தவ ஒல்லாந்தர் மறுத்த வழிபாட்டுரிமையைப் பௌத்த மன்னன் வழங்கினான் என்பது நம் வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

அப்பாதுகாப்பின் நிழலிலேயே இலக்கியப் பணியும் தொடங்கிற்று. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், வாஸ் அடிகளின் பணிப்பின்படி சிங்களத்தை ஆழ்ந்து பயின்றார். சிங்களம், தமிழ் ஆகிய இருமொழியிலும் நூல்கள் இயற்றினார். இயேசுவின் பாடுகளைப் பொருளாகக் கொண்டு சிங்களத்தில் அவர் யாத்த பசாம் நூலும், தமிழில் அமைந்த வியாகுலப் பிரசங்கமும் ஒரே நோக்கின் இரு வெளிப்பாடுகள் எனலாம். 1711இல் வாஸ் அடிகள் கண்டியிற் காலமானபின்னரும், மன்னன் நரேந்திரசிங்கனின் ஆதரவு இப்பணிக்குத் தொடர்ந்து கிடைத்தது.

இந்நூல்களைப் பக்தியின் அணிகலன்களாக மட்டும் கருதுவது பொருந்தாது. குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. குரு வர இயலாத ஊரிலும் ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், சூழ இருப்போர் கேட்டு உருகித் தவக்காலத்தை அனுசரிக்கலாம். மக்கள் இழவு வீட்டில் அறிந்திருந்த புலம்பலின் ஓசையே இங்கு மறையுரையாயிற்று. படைப்பு நம்பிக்கையைத் தாங்கும் கலமாயிற்று.

இக்கருத்துக்குப் பின்வந்த வரலாறே சான்று. கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் மறைந்தார். ஸ்ரீ விஜயராஜசிங்கன் (1739-1747) காலத்தில் நிலைமை மாறி, குருமார் கண்டி நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அரசனின் ஆதரவு நிலையாமை உடையதாயிற்று. மக்களின் நாவில் ஏறிய நூல்களோ நிலைத்தன. ஒல்லாந்தர் ஆட்சியையும் கண்டி முடியரசையும் கடந்து அவை வாழ்ந்தன.

கொன்சால்வெஸ் அடிகளின் சமகாலத்தவரான வீரமாமுனிவருக்குத் தமிழ் இலக்கிய வரலாறு பேரிடம் அளித்துள்ளது. தேம்பாவணி புலவரவையில் ஆராயப்பட்டது. வியாகுலப் பிரசங்கம் குடிசைகளில் அழுது கேட்கப்பட்டது. இலக்கியத்தின் தகுதியைப் புலவரவை மட்டுமே முடிவுசெய்தல் முறையாகுமா? பேராதனையிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்து, நாட்டார் கலைக்கு அறிஞருலகில் மதிப்பைத் தேடித்தந்தார். அவ்வழியில், தவக்கால இரவுகளில் ஒலிக்கும் இப்புலம்பலையும் மொழியும் இசையும் வரலாறும் ஒருங்கே நோக்கி ஆராய்தல், கண்டிக்கு அண்மையிலிருந்து தமிழ் பயிலும் நமக்குரிய கடனாகும்.