கீழ்ப்பாக்கம் என்றொரு வசைச்சொல்

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற வசை, சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளியுள்ள காஞ்சிபுரத்துத் தறிவீடுகளுக்கும் புரியும். ஓர் ஊரின் பெயரே ஏச்சாகிப்போன கதை இது.

1794-இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகத்தைத் தொடங்கினார். 1871-இல் மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. மக்கள் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றார்கள். அங்கே வைத்தியம் பார்த்தவர் 'பைத்தியக்கார டாக்டர்' ஆனார். அந்தப் பட்டத்துக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் நோயை வீட்டுக்குள் மறைத்தன.

சட்டத்தின் மொழியும் இதற்குக் குறைந்ததல்ல. பித்தர் என்று பொருள்படும் சொல்லைத் தலைப்பிலேயே சுமந்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டம். 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டமே அதை அகற்றியது.

மெல்ல மெல்லப் புதிய சொற்கள் ஊன்றின. மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். மனத்தின் இயக்கத்தை ஆராய்ந்து சிகிச்சை தருபவர் உளவியலாளர். இலங்கைத் தமிழர் உளநல மருத்துவர், உளவளத்துணையாளர் என்கிறார்கள். நோய் என்பது நலமாகவும் வளமாகவும் மாறியதில் பெரிய கரிசனம் இருக்கிறது.

ஜப்பானியர் 2002-இல் ஒரு நோயின் பெயரையே மாற்றினார்கள். 'மனம் பிளந்த நோய்' எனப் பொருள்படும் செய்ஷின் புன்ரெட்சு பியோ, 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' எனப் பொருள்தரும் தோகோ ஷிட்சோஷோ ஆனது. தமிழில் அதே நோய்க்கு இன்றும் மனச்சிதைவு என்றுதான் பெயர்.