மார்க் போடுகிறவருக்கு யார் மார்க் போடுவது?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்களுக்கென்று 1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு புலமைத் தேர்வை நடத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், வாய்மொழித் தேர்வு என மொத்தம் 12 மணி நேரம். எழுதியவர்கள் மூன்று பேர். மூவருமே ஃபெயில்.

ஆங்கிலத் தேர்வுகளின் வரலாற்றில் இந்த மூவர் ஒரு வேடிக்கைத் தகவலாக வந்துபோகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தோற்றது மூன்று பேரா, கேள்வித்தாளா? இந்தக் கேள்வி எழாதவரை தேர்வு என்பது அளவுகோல் அல்ல, அதிகாரம். மதிப்பெண்ணிலும் பிழை உண்டு, தேர்ச்சிக் கோட்டருகே நிற்பவரின் விதியைத் தற்செயலும் தீர்மானிக்கிறது என்று பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888லேயே புள்ளியியல் வழியாகக் காட்டியிருந்தார்.

கேம்பிரிட்ஜ் தேர்வை நிர்வகித்தவர்களில் ஒருவரான ஜாக் ரோச், 1945இல் வாய்மொழித் தேர்வுகள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஒரே மாணவரின் பேச்சுக்கு இரண்டு தேர்வாளர்கள் போடும் மார்க் ஒத்துப்போகிறதா என்று அவர் பரிசோதித்தார். பார்வை மாணவனிடமிருந்து தேர்வாளர் பக்கம் திரும்பிய தருணமாக இதை நான் வாசிக்கிறேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1964இல் தொடங்கிய டோஃபல் தேர்வு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையை நம்பியது. திருத்துபவரின் சபலம் ஒழிந்தது. கூடவே எழுத்தும் ஒழிந்தது. எழுதும் திறனைக்கூட ஒரு வரி எழுதாமலே அளந்தார்கள். 1986இல்தான் கட்டுரைத் தேர்வு வந்தது. இருவர் தனித்தனியாகத் திருத்துவது, பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்ப்பது என்று ஏற்பாடு. மனிதத் தீர்ப்பைத் தவிர்க்க முடியாது, அதையே கண்காணிக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களும் வந்துசேர்ந்தார்கள்.

நானும் ஆங்கில விடைத்தாள் திருத்துகிறவன்தான். திருத்தும் மையத்தில் யாராவது கேள்வியே குழப்பமாக இருக்கிறது என்றால், “கீயில என்ன இருக்கோ அதைப் பார்த்துப் போடுங்க சார்” என்பதுதான் பதில். அந்தக் கீ யார் எழுதியது, அதை வேறு யாராவது சரிபார்த்தார்களா என்ற பேச்சே கிடையாது.

மாற்றத்துக்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. கேள்வி எழுதியவர் அல்லாத இன்னொருவர் முன்கூட்டியே விடை எழுதிப் பார்க்கட்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத்திரும்பத் தவறவிட்ட கேள்வியைத் தேர்வு முடிந்ததும் எடுத்து ஆராயட்டும். தாள்களில் ஒரு பகுதியையாவது, முதல் மார்க்கைப் பார்க்காமல், இரண்டாமவர் திருத்தட்டும். கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டாய் என்று மாணவரிடமும் கேட்கட்டும்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். ரோச் உட்பட மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாமே தேர்வாளர்கள் தமக்குள் நடத்திக்கொண்ட விசாரணைகள். அந்த மூவரிடம் என்ன கேட்டிருக்கலாம் என்பதிலிருந்து நம் விசாரணை தொடங்க வேண்டும்.