ஸ்டாண்டர்டு ஹெரால்டு பானெட் பூட்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு பானெட் பூட்டு என்பது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் முன்மூடியைப் (பானெட்) பிறர் திறக்காதவாறு உரிமையாளர்கள் தாமே பொருத்திக்கொள்ளும் பூட்டு ஆகும். இம்மகிழுந்து 1961 முதல் 1971 வரை சென்னையில் தயாரிக்கப்பட்டது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூல வடிவம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி.

அமைப்பு

இவ்வண்டியில் பானெட் மட்டும் தனியே திறப்பதில்லை. மட்கார்டு, முகப்பு விளக்குகள் உட்பட முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரத்தின் மீது அமர்ந்தே எஞ்சின் வேலையைப் பார்த்துவிடலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. அதுவே குறையும் ஆகும். கதவுகளுக்குச் சற்று முன்னால், இருபுறமும் வெளியே தெரியும் கொக்கிகளே இப்பகுதியைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றுக்குச் சாவி இல்லை. கதவுகள் பூட்டியிருந்தாலும் பேட்டரி, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில் ஆகியவற்றை எவரும் அணுக முடியும். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டதால், பறிபோன உறுப்புக்கு மாற்று கிடைப்பது அரிது.

பூட்டும் முறைகள்

கொக்கியின் கைப்பிடியில் துளையிட்டுச் சிறு பூட்டு மாட்டுவது எளிய முறையாகும். ஒருபுறம் மட்டும் பூட்டினால் மறுபுறத்தை நெம்பிக் கைவிட இயலும் என்பதால் இருபுறமும் பூட்ட வேண்டும். பூட்டு உரசினால் சாயம் பெயர்ந்து துருவேறும். அடியில் ரப்பர் துண்டு வைப்பது நல்லது.

உள்ளே தாழ்ப்பாள் வைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கம்பியால் இழுத்துத் திறப்பது மற்றொரு முறை. வெளித்தோற்றம் கெடாது. ஆயினும் கம்பி அறுந்தால் முன்பகுதியைத் திறக்க வழியில்லாது போகும் என்பதால் இரண்டாவது கம்பி ஒன்றையும் அமைத்துக்கொள்ள வேண்டும். தீப்பற்றும் வேளையில் உடனே திறக்க வேண்டியிருக்குமாதலால், எம்முறையாயினும் சாவியோ கம்பியோ ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி இருத்தல் அவசியம்.